மஞ்சள் பட்டில் இரண்டு புள்ளி

பூமணி வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டிருந்ததை நான் கடைசியாகப் பார்த்தது 2003ஆம் ஆண்டு நவராத்திரி வாணிவிழா அன்று. ஒஸ்லோவில் ஸ்டோவ்னருக்குப் பக்கத்தில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்காக நாங்கள் வாடகைக்கு எடுக்கும் நோர்வேஜியப் பள்ளிக்கூடத்தில், உடற்பயிற்சி மண்டபத்தோடு ஒட்டிய உடைமாற்றும் அறை அது. நடனமாடும் சிறுமிகள் வரிசையாக நின்றார்கள். என் மனைவி பூமணி முழங்காலில் இருந்தபடி ஒவ்வொருத்தியின் சேலை மடிப்பையும் பிடித்து, உதட்டிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் குத்திவிட்டு, அடுத்தவளைக் கண்ணால் கூப்பிட்டாள்.

நாங்கள் அதைப் பின் என்றுதான் சொல்வோம். ஊக்கு என்பது இந்துஜாவின் சொல். அவள் சென்னைக்காரி, பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தாள். அவளுடைய ஒன்பது வயது மகள் தீப்தி தமிழ்ப் பள்ளியில் பூமணியின் வகுப்பில் படித்தாள். அந்தச் சொல் எனக்கும் பூமணிக்கும் பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டோம்.

நான் தண்ணீர்ப் போத்தல்களோடு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"எங்கை வைக்கிறது?"

"ம்ம்," என்றாள், முகவாயால் யன்னல் பக்கம் காட்டி.

"இன்னும் எத்தினை பேர்?"

"ம்ம்ம்." இது நீளமானது. நிறையப் பேர், தொந்தரவு செய்யாமல் போங்கோ என்று பொருள். வாயில் ஊக்கு இருக்கும்போது பூமணி என்னை ஏசமுடியாது என்பதால் அந்த நேரங்களில் நான் வேண்டுமென்றே கேள்வி கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன். அவள் கண்ணாலேயே ஏசினாள்.

அடுத்து வந்தவள் தீப்தி. மஞ்சள் பட்டு. ஒரு இடத்தில் நில்லாத பிள்ளை. இடுப்பில் நாலு மடிப்பையும் சேர்த்துக் குத்தும்போது ஊக்கு வழுக்கிப் பூமணியின் பெருவிரலில் ஏறியது. அவள் கையை உதறிவிட்டு, அதே ஊக்கை மறுபடி குத்தினாள். அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் மிருதங்கம் தொடங்க, தீப்தி திரும்பினாள். ஊக்கு அவளுடைய இடுப்பில் இறங்கியது.

"ஆ! டீச்சர்!"

பூமணி மிச்ச ஊக்குகளை வாயிலிருந்து எடுத்தாள். "ஐயோ என்ரை குஞ்சு, ஆடாதை எண்டு கண்ணாலை சொன்னனானெல்லே?" விரல் நுனியில் எச்சில் தொட்டுப் பிள்ளையின் இடுப்பில் வைத்து அழுத்தினாள். பட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அதற்கும் எச்சில் தொட்டுத் துடைத்தாள். ஒன்று போயிற்று, மற்றது போகவில்லை.

இந்துஜா அருகில் நின்றாள். "டீச்சர், உங்க விரல்லயும் ரத்தம், இவளுக்கும் ரத்தம். எங்க லேப்ல இப்படி ஆச்சுன்னா ரெண்டு பேரையும் பிடிச்சு டெஸ்ட் பண்ணிடுவாங்க," என்று சிரித்தாள்.

"இது லாப் இல்லைப் பிள்ளை, வாணிவிழா," என்றாள் பூமணி. எல்லோரும் சிரித்தோம். தீப்தி ஆடினாள், நன்றாகவே ஆடினாள். அந்தப் புள்ளியை மேடைக்குக் கீழே இருந்த யாரும் பார்த்திருக்க முடியாது.

பூமணி வாரநாட்களில் வேறொரு நோர்வேஜியப் பள்ளியில், வகுப்பு முடிந்த பிள்ளைகளைப் பெற்றோர் வரும்வரை பார்த்துக்கொள்ளும் பிரிவில் உதவியாளராக இருந்தாள். அங்கே ஒரு பிள்ளைக்கு மூக்கில் இரத்தம் வந்தாலும் முதலில் கையுறை, பிறகுதான் பிள்ளை. எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் இருக்கிறதென்று யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. சொல்லவும் கூடாதாம். தொடக்கத்தில் இது அவளுக்குப் பெரிய புதினமாக இருந்தது.

"ஆருக்கு வருத்தம் எண்டு சொன்னால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கையுறை போடலாம்தானே? என்னத்துக்கு எல்லாருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அப்ப அந்தப் பிள்ளையோடை ஆர் விளையாடுவினம்?" என்றேன்.

"அதுவும் சரிதான்," என்றாள். அதிலிருந்து வேலைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சோடி கையுறை வைத்திருப்பாள். ஆனால் அவை வெள்ளிக்கிழமை அந்தச் சட்டையோடு கழுவும் கூடைக்குள் போய்விடும். சனிக்கிழமைப் பள்ளியில் ஒரு நாளும் போட்டதில்லை. எங்கடை பிள்ளைகளைத் தொட உறையோ என்பாள். அவளுடைய கணக்கில் இரத்தம் இரண்டு வகை. ஒன்று அறியாத இரத்தம், மற்றது எங்கடை இரத்தம்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது, ரன்டி என்ற பள்ளித் தாதியிடம் வாணிவிழாவைப் பற்றி ஒரு பகிடிக் கதையாகச் சொன்னாள். வாயில் ஊக்கு வைத்திருந்தது, பிள்ளை துள்ளியது, லாப் கதை எல்லாம். ரன்டி சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாளாம்.

அன்றைக்குப் பூமணி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எனக்குச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்தத் தாதிக்கு மண்டைப்பிழை. தீப்தியின்ரை இரத்தம் என்ரை விரலிலை பட்டதாம், சோதிக்கட்டாம். நான் சொன்னன், அது மரக்கறி மட்டும் சாப்பிடுற வீட்டுப் பிள்ளை, முட்டைகூட வாய்க்கு வைக்காது, அதுக்கென்ன வருத்தம் எண்டு."

"அதுக்கு அவ என்ன சொன்னவ?"

"அவ சொன்னவ…" பூமணி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "அவ சொன்னவ, நான் பிள்ளையைப் பற்றிக் கேக்கேல்லை, உம்மைப் பற்றிக் கேக்கிறன் எண்டு. ஊக்கு முதல் ஆருக்குக் குத்தினது எண்டு கேட்டவ."

"ஆருக்குக் குத்தினது?"

"எனக்கு."

எனக்கு வந்ததைப் பயம் என்று சொல்லமாட்டேன். ஒரு பொருளை எத்தனையோ வருடம் ஒரு பக்கமிருந்தே பார்த்துவிட்டு, ஒருவர் வந்து மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டியதுபோல இருந்தது. இத்தனை காலமும் கையுறை தன்னைக் காப்பாற்றுகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது மற்றப் பக்கமும் வேலை செய்யும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவள் ஏற்கெனவே அன்று மதியமே இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவசரம் என்று ரன்டி எழுதிக் கொடுத்தாளாம்.

மறுநாள் பின்னேரம் வைத்தியர் தொலைபேசியில் அழைத்தார். பூமணி சமையலறையில் நின்று கேட்டாள். "யா," "யா" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். வைத்த பிறகு சொன்னாள்: "எனக்குக் கல்லீரல் வைரஸாம். ஹெபடைடிஸ் பி. இப்ப வந்ததில்லையாம், கன காலமாய்க் கிடக்குதாம்."

"உமக்கு ஒரு நாளும் ஒண்டும் செய்யேல்லையே!"

"அதுதான் நானும் கேட்டன். சில பேருக்குச் சத்தம் போடாமல் இருக்குமாம்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள்: "தீப்திக்கு ஊசி போடவேணும். கெதியாய்ப் போட்டால் தடுக்கலாமாம். இண்டைக்கே போகவேணும்."

வைத்தியர் ஒரு வழியும் சொல்லியிருந்தார். அவள் விரும்பாவிட்டால் அவளுடைய பெயரை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுகாதார நிலையத்திலிருந்து இந்துஜாவை அழைத்து, உங்கள் பிள்ளைக்கு ஒரு தொற்று ஏற்பட்டிருக்கலாம், ஊசி போடுங்கள் என்று மட்டும் சொல்வார்கள்.

"அப்பிடியே செய்யச் சொல்லுமன்," என்றேன் நான். சனிக்கிழமைப் பள்ளியின் பெற்றோரை எனக்குத் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தால் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக் வரை போய்ச் சேர அரை மணித்தியாலம் போதும்.

"பெயர் இல்லாமல் சொன்னால் என்ன, ஊக்கு ஒண்டுதானே? குத்தினதும் ஒராள்தானே?" என்றாள் பூமணி. "வேறை ஆரோ சொல்லி இந்துஜா என்னைத்தான் யோசிக்கிறதிலும் பார்க்க நானே போய்ச் சொல்லுறன். சேட்டை மாத்திக்கொண்டு வெளிக்கிடுங்கோ."

இந்துஜாவின் வீடு நகரத்தின் மறுபுறம், க்ரிங்ஷோ என்ற இடத்தில், பல்கலைக்கழகக் குடியிருப்பு. இரண்டு ரயில் மாறிப் போனோம். ரயிலில் பூமணி கைகளை மடியில் வைத்து, தன்னுடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். குத்திய இடம் எங்கே என்று தேடினாள். காணவில்லை.

"பாருங்கோவன், அடையாளமே இல்லை," என்றாள்.

இந்துஜா எங்களைக் கண்டு திகைத்தாலும் உள்ளே வரச்சொல்லி, கேட்காமலே காப்பி போட்டாள். கணவர் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை, வார இறுதிக்குத்தான் வருவார். தீப்தி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

பூமணி எதையும் சுற்றி வளைக்கவில்லை. வாசகங்களை ரயிலிலேயே அடுக்கி வைத்திருந்தாள் போலும். எனக்கு இந்த நோய் இருக்கிறதாம், நேற்று வரை தெரியாது, சனிக்கிழமை ஊக்கு முதலில் எனக்குக் குத்தியது, பிறகு பிள்ளைக்கு.

இந்துஜாவின் முகத்தில் கோபம் வந்ததைப் பார்த்தேன். அது வந்த மாதிரியே ஏதோ ஒரு வேலைக்கு இடம் விட்டு விலகியதையும் பார்த்தேன். எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தாள். முதலில் சென்னைக்கு.

"அம்மா, தீப்தி பொறந்தப்ப ஹெபடைடிஸ் பி ஊசி போட்டீங்களா? … இல்லம்மா, ஒண்ணுமில்ல, சும்மா. … எல்லா ஊசியும்னா எது எது? … சரிம்மா." வைத்துவிட்டு எங்களிடம் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு எல்லா ஊசியும் ஒரே ஊசிதான். இதை நம்பி உக்காந்திருக்க முடியாது." அடுத்து அவசர சிகிச்சை நிலையத்துக்கு அழைத்தாள். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

தீப்தி பேனையை வைத்துவிட்டுப் பூமணியின் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது குஞ்சு."

"அப்ப அது உள்ள இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"அது இருக்கிற வீட்டுக்கு முன்னாலை உடம்பு ஒரு காவல்காரனை விடுமாம். காவல்காரனைக் கண்டால் உள்ளை ஆள் இருக்கெண்டு அர்த்தமாம்." பூமணி அதை எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியாது. ரன்டி சொல்லியிருக்க வேண்டும்.

"என் உள்ளயும் வந்திருக்குமா?"

இந்துஜா கதவருகில் காலணி மாட்டியபடி நின்றுவிட்டாள். பூமணி பிள்ளையின் தலையைத் தொடப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். "தெரியாது. அதுக்குத்தான் இப்ப ஊசி போடப் போறம். வந்திருந்தாலும் உள்ளை குடியிருக்க விடாமல் கலைக்கத்தான்."

பூமணியின் காப்பி தொடாமல் இருந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. இந்துஜா அதைக் கவனித்தாள்.

"காபி கப்ல எல்லாம் வராதுங்க. குடிச்சிட்டு வாங்க, ஆறிடும்," என்றாள். குரல் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. பூமணி ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு நால்வரும் ஒன்றாக நகரத்துக்குப் போனோம். தீப்தி ஊசிக்கு அழவில்லை. ஊசி போட்ட தாதி கையுறை போட்டிருந்தாளா என்று மட்டும் எட்டிப் பார்த்தாள்.

முடிவு தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். இன்னும் இரண்டு ஊசி, இடையில் இரத்தச் சோதனை, கடைசியாக ஒன்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் இருந்தன. தீப்திக்கு வந்திருக்குமா என்பது ஒன்று. அதைப் பற்றிப் பூமணி வாய் திறந்து பேசமாட்டாள், ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பில் பிள்ளையின் கண் வெள்ளையைப் பார்த்துவிட்டு வருவாள். மற்றது, தனக்கு எங்கிருந்து வந்தது என்பது. அதைப் பற்றித்தான் ஓயாமல் கதைத்தாள்.

என்னுடைய இரத்தத்தையும் சோதித்தார்கள். எனக்கும் அது ஒரு காலத்தில் வந்து, நான் அறியாமலே போய்விட்டதாம். எப்போது என்று இரத்தம் சொல்லாது.

"அப்ப நீங்கள் எனக்குத் தந்ததோ, நான் உங்களுக்குத் தந்ததோ?" என்று பூமணி கேட்டாள், சீதனக் கதை கதைப்பதுபோல.

"வளர்ந்த ஆக்களுக்கு வந்தால் பெரும்பாலும் போயிடுமாம். சின்ன வயசிலை வந்தால்தான் தங்குமாம். அப்ப நீர்தான் எனக்குத் தந்திருக்கவேணும்," என்றேன். நூலகத்தில் படித்திருந்தேன்.

"பாருங்கோ, முப்பது பவுணோடை இதையும் கொண்டு வந்திருக்கிறன்."

சின்ன வயதைத் தோண்டத் தொடங்கினாள். கரவெட்டியில் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் ஊசி போட ஆட்கள் வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கண்ணாடி ஊசிக்குழல், ஒரே ஊசி, ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் இடையில் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு. வகுப்பே வரிசையில். தனக்கு முன்னால் நின்றது மேரியம்மா என்று அடித்துச் சொன்னாள். மேரியம்மா இப்போது கனடாவில். நம்பரைத் தேடிப் பிடித்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கதைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"மேரி, நீ ஒருக்கா உன்ரை இரத்தத்தைச் சோதிச்சுப் பார். அண்டைக்கு அந்த ஊசி…"

"எந்த ஊசியடி?"

"எனக்கு முன்னாலை நிண்டு போட்டனியே, நாலாம் வகுப்பிலை."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "அடி விசரி, நான் எங்கை போட்டனான்? ஊசி எண்டதும் பின்பக்க மதிலேறிக் குதிச்சு வீட்டை ஓடீட்டன். கொம்மாதானே அடுத்த நாள் என்னைப் பேசினவ!"

பூமணி தொலைபேசியை வைத்துவிட்டு, "அப்ப எனக்கு முன்னாலை நிண்டது ஆர்?" என்றாள். அந்த முகத்தை அவளால் கொண்டுவர முடியவில்லை. பிறகு பல் பிடுங்கியது, காது குத்தியது, தாய் என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். ஆத்திரத்தோடு அல்ல. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் நிரம்பாமல் இருப்பது போன்ற எரிச்சலோடு.

தை மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பூமணி எழுந்து இரண்டு விடயம் சொன்னாள். இனிப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்குக் காயம் என்றாலும் ஆசிரியர் கையுறை போட்டுத்தான் தொடவேண்டும். விழாவுக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய ஊக்குகளைத் தானே ஒரு சின்னப் பெட்டியில் பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும், ஒருவருடையதை மற்றவருக்குக் குத்தக்கூடாது, யாரும் வாயில் வைக்கக்கூடாது.

தர்மலிங்கம் என்பவர் எழுந்தார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல மனிதர், குரல்தான் பெரிது. "ரீச்சர், எங்கடை பிள்ளையளைத் தொட உறை போடுறதெண்டால் என்ன கருத்து? ஊரிலை சில பேர் எங்களைத் தொடாமல் தண்ணி வாத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதை ஒஸ்லோவிலையும் தொடங்கப் போறியளோ?"

பள்ளி நிர்வாகி பிலேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூமணி வாயைத் திறந்தாள். அவள் சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் நின்ற விதமே அதைச் சொன்னது.

பின்வரிசையிலிருந்து இந்துஜா எழுந்தாள். "சார், யாரோ சில பேரை மட்டும் உறை போட்டுத் தொட்டா நீங்க சொல்றது சரி. நானே சண்டைக்கு வருவேன். டீச்சர் எல்லாப் பிள்ளைக்கும்னு சொல்றாங்க. என் பிள்ளைக்கும், உங்க பிள்ளைக்கும். யாரையும் நீ யாரு, உனக்கு என்னன்னு கேக்காம இருக்கத்தானே இது?"

"அதெல்லாம் சரி," என்றார் தர்மலிங்கம். "இந்தியாவிலை இருந்து வந்து எங்களுக்குச் சட்டம் சொல்லுறியள்."

"ஊக்கு உங்களுது, சட்டம் எங்களுது. வெச்சுக்குங்க."

சிரிப்பு எழுந்தது. தர்மலிங்கமும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். "பெட்டி ஆர் வாங்கிறது?" என்று யாரோ கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போயிற்று. பூமணி இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். இந்துஜா அவளைப் பார்த்து, உட்காருங்கள் என்பதுபோலக் கையைக் கீழே அசைத்தாள்.

கடைசிச் சோதனை முடிவு வசந்தகாலத்தில் வந்தது. இந்துஜா தொலைபேசியில் அழைத்தாள். பூமணி வேலையில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். "ஒண்ணும் இல்லங்க. சுத்தமா இருக்கா," என்றாள். பிறகு, "டீச்சர் கிட்ட தீப்தியே சொல்லணுமாம். நீங்க சொல்லிடாதீங்க," என்றாள். நான் சொல்லவில்லை. சனிக்கிழமை பூமணி வகுப்பிலிருந்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும், "தெரிஞ்சு கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள் என்ன?" என்று ஏசினாள்.

அதற்குப் பிறகு கல்லீரலைப் படம் எடுத்துப் பார்த்தபோது பூமணிக்கு உள்ளே ஒரு கட்டி இருந்தது, அந்த வைரஸ் சத்தம் போடாமல் வளர்த்தது. கொஞ்சக் காலம் மருந்தும் சத்திரசிகிச்சையும் நேரம் வாங்கித் தந்தன. கட்டி கண்டு இரண்டாவது குளிர்காலத்தில் இறந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும் ஒரு நாள் திடீரென்று கண்ணைத் திறந்து, "முன்னாலை நிண்டது இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளை," என்றாள். பெயர் வரவில்லை. "பிறகு ஞாபகம் வந்தால் சொல்லுறன்," என்றாள்.

இதை எழுதலாமா என்று இந்துஜாவிடம் கேட்டேன். அவர்கள் இப்போது ஸ்தவாங்கரில் இருக்கிறார்கள். "எழுதுங்க. அந்த ஊக்கைப் பத்தியும் எழுதுங்க," என்றாள். மஞ்சள் பட்டை அவள் தூக்கிப்போடவில்லையாம். அந்தப் புள்ளி பழுப்பாகி அப்படியே இருக்கிறதாம். அது தன்னுடையதா டீச்சருடையதா என்று தீப்தி இன்னமும் கேட்கிறாளாம்.

போன வாணிவிழாவுக்குப் போயிருந்தேன். பிலேந்திரன் தண்ணீர்ப் போத்தல்களை என்னிடமே தந்தார். பூமணியை அறியாத சிறுமிகள் உடைமாற்றும் அறையில் வரிசையில் நின்றார்கள். சேலை கட்டிவிட்டவள் பூமணியிடம் படித்த பெண், ராகவி. கையில் உறை, வாயில் ஓயாத பேச்சு. வரிசையில் நின்ற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பெயர் எழுதிய சின்னப் பெட்டி ஒன்று இருந்தது.